வெப்மின்: திறந்துவிட்டபின் பூட்டுவதுதான் வேலை

கூடப் படித்த நண்பன் போன வாரம் கேட்டான்: "எங்க ஆபீஸ் சர்வர்லயும் வெப்மின் போடலாமாடா? நீதான் ரொம்ப வருஷமா வச்சிருக்கியே." ஒரு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். எழுத எழுதப் பழைய கடுப்பெல்லாம் கிளம்பிவிட்டதால் இப்படி நீண்டுவிட்டது.

வெப்மின் என்ன என்று விளக்கப் போவதில்லை. 1997-இல் ஜேமி கேமரன் பெர்ல் மொழியில் எழுதித் தொடங்கியது, 10000 போர்ட்டில் ஓடும், பிரவுசரிலிருந்தே சர்வரைப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவு போதும். 2020-இல் உபுண்டு 18.04 மெஷினில் போட்டேன்.

என் கடுப்பு ஒன்றே ஒன்றுதான், அனுமதி கொடுக்கும் விதம். புது யூசரை உருவாக்கி எந்த மாட்யூல் (வெப்மினின் ஒரு பகுதி) வேண்டுமோ அதற்கு டிக் போடுகிறோம். டிக் போட்டதுமே அந்த மாட்யூலின் இயல்பான அனுமதி முழுசாகப் போய்விடும். குறைக்க வேண்டுமென்றால் மாட்யூல் பெயரைத் தனியாகக் கிளிக் செய்து, வேறொரு திரையில், ஒவ்வொரு கேள்விக்கும் 'இல்லை' போட்டு வர வேண்டும். பேக்கப் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று பார்க்கத்தானே என்று புதிதாகச் சேர்ந்த பையனுக்கு கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது) மாட்யூலை டிக் பண்ணிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். கை கழுவுவதற்குள் போன்: "அண்ணா, இதுல ரூட்னு ஒண்ணு இருக்கே, அதையும் நான் மாத்தலாமா?" ரூட் என்றால் சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள யூசர், அதன் கிரானில் ஒரு வரி எழுத முடிந்தவன் ரூட்டேதான், அதற்கு மேல் தனியாக பாஸ்வேர்டு எதற்கு? நல்ல பையன், கேட்டான். தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் கையை எடுத்ததும் திறந்தே நிற்கிற கதவைச் செய்துவிட்டு, பூட்டுவது உன் பொறுப்பு என்பது என்ன நியாயம்?

4 பேர், ஆளுக்கு 5 மாட்யூல், 20 திரை. எல்லாவற்றிலும் 'மாட்யூல் அமைப்பை மாற்றலாமா' என்ற அதே கேள்வி, அதற்கு ஏற்கெனவே 'ஆம்' என்ற அதே பதில். கடைசியில் திரையை விட்டுவிட்டு கோப்புக்கே போனேன். /etc அடைவுக்குள் இருக்கும் வெப்மின் ஃபோல்டரில் மாட்யூலுக்கு ஒரு ஃபோல்டர், அதில் ஆள் பெயரில் ஒரு ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்) கோப்பு, உள்ளே 'noconfig=1' (அமைப்பை மாற்ற விடாதே) மாதிரி சாதாரண வரிகள். ஒருவருக்குச் சரியாகச் செய்து, அதை மற்றவர்களுக்குக் காப்பி எடுத்தேன். அரை நாள் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

இவ்வளவு திட்டியபிறகு இதையும் சொல்ல வேண்டும். அதே வெப்மினில் கஸ்டம் கமாண்ட்ஸ் என்று ஒரு மூலை இருக்கிறது, அது தங்கம். நான் எழுதிய ஸ்கிரிப்டை ஒரு பட்டனாக்கி, எந்த யூசராக ஓட வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம், யார் அழுத்தலாம் என்பதை அவரவர் அனுமதித் திரையில் சொல்லலாம். அக்கவுண்ட்ஸ் அக்கா லாகின் செய்தால் ஒரே ஒரு பட்டன்: 'நேற்றைய அறிக்கை'. அது ரூட்டாக ஓடுவதில்லை. அறிக்கைக்கு வேண்டிய லாக் கோப்புகளை (எங்கள் தளத்துக்கு வந்தவர்களின் பதிவு) 'adm' என்ற யூசர் குழு படிக்கலாம் என்பதால் அந்தக் குழுவில் ஒரு யூசரைச் சேர்த்தேன், வேலை முடிந்தது. தேதியை வாங்கும் பட்டன் வைத்தால் மட்டும், வருவதை மேற்கோள் குறிக்குள் அடைக்கும் அந்தத் தேர்வை மறக்கக் கூடாது. மறந்தால் தேதிப் பெட்டியில் எவனாவது கமாண்டே அடித்துவிடுவான்.

ஸ்கிரிப்டில் நான் பட்டது தனிக்கதை. ஆவ்க் (வரியைத் துண்டுகளாகப் பிரிக்கும் கருவி) வைத்து லாக் வரியின் 9-ஆவது ஃபீல்டை எண்ணினால், பக்கம் கிடைத்ததா இல்லையா என்று சொல்லும் ஸ்டேட்டஸ் கோடு கிடைக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். 200, 404 எல்லாம் வந்தது, கூடவே வெறும் '-' குறி ஒன்றும் வந்தது. டைம்அவுட்டாகும் 408-இல் ரிக்வெஸ்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு '-' குறி மட்டும்தான், அதனால் ஃபீல்டுகள் இரண்டு தள்ளிப்போகின்றன. மேற்கோள் குறியால் பிரித்த பிறகுதான் அடங்கியது.

அதைவிடப் பெரிய கூத்து, விடியற்காலை யாருமே எங்கள் தளத்துக்கு வருவதில்லை என்று 3 மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த மெஷினில் லாக் சுழல்வது, அதாவது பழைய கோப்பை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்குவது, காலை 6:25-க்கு. முந்தைய நாளின் முதல் ஆறரை மணி நேரம் நான் படித்த கோப்புக்கும் பழைய, சுருக்கிய கோப்பில் உட்கார்ந்திருந்தது. நான் ஒரே கோப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். உபுண்டு 20.04-இல் நள்ளிரவை ஒட்டிச் சுழல்வதால் இந்தத் தொல்லை குறைவு. அப்புறம் கிரானில் % குறிக்கு முன் பேக்ஸ்லாஷ் போடாமல் தேதி கேட்டு, டெர்மினலில் ஓடுகிறதே இங்கே ஏன் ஓடவில்லை என்று ஒரு ராத்திரி போனது. கிரானுக்கு % என்றால் வரிமுடிவு.

சரி, நண்பனுக்குப் பதில். போடாதே. உன் ஆபீசில் நீ ஒருவன்தான் அட்மின், எஸ்எஸ்எச் (டெர்மினலிலிருந்தே சர்வருக்குள் நுழைவது) போதும். வெப்மினின் 1.890 முதல் 1.920 வரையான பதிப்புகளில் பின்கதவு இருந்தது 2019-இல் வெளியே வந்து, 1.930-இல் அடைத்தார்கள், அது தெரிந்துதான் நான் போட்டேன், 10000 போர்ட்டை வெளியுலகத்துக்குத் திறந்ததே இல்லை. நீ திறந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும்.

நான் வெப்மினை எடுத்துவிடுவேனா என்று கேட்காதே. எடுத்தால் காலை 9 மணிக்கு அக்கா என் மேஜைக்கே வந்து, "தம்பி, என் பட்டன் எங்கே?" என்பார்.