ஏற்றுமதிக் கணக்கா, இறக்குமதிக் கணக்கா?

ஒரே சரக்கு, ஒரே கப்பல். ஆனால் அனுப்பிய நாடு எழுதும் தொகை ஒன்று, வாங்கிய நாடு எழுதும் தொகை வேறு. இரு நாட்டு வணிகத்தை அளக்க எதை எடுப்பது?

ஏற்றுமதிக் கணக்கு எஃப்.ஓ.பி. மதிப்பில் வரும், அதாவது சரக்கு கப்பலில் ஏறும் வரையான விலை. இறக்குமதிக் கணக்கு பெரும்பாலும் சி.ஐ.எஃப்.; கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்திருக்கும். யாரும் பொய் எழுதாமலேயே இறக்குமதித் தொகை கூடிவிடும்.

என் ஓட்டு பொதுவாக இறக்குமதிக் கணக்குக்குத்தான். அங்கே வரி வசூலாகிறது, அதனால் சுங்கத்துறை கவனமாகப் பார்க்கும். (வரி அதிகமென்றால் விலையைக் குறைத்துக் காட்டுவதும் அங்கேதான், அது வேறு கதை.)

பெரிய தலைவலி, எந்த நாடு என்று எழுதுவது. சீனாவில் செய்த பொம்மை ஹாங்காங் வழியாக அமெரிக்கா போகிறது என்று வையுங்கள். இறக்குமதியில் உற்பத்தி நாட்டைப் பதிவார்கள். ஆகவே அமெரிக்கா 'சீனா' என்று எழுதும். கடைசி இலக்கு தெரியாதபோது சீனா 'ஹாங்காங்' என்று எழுதிவிடும். ஹாங்காங்கோ மறுஏற்றுமதி என்று தன் கணக்கிலும் ஏற்றும். உலக ஏற்றுமதியைக் கூட்டினால் ஒரே பொம்மை இரண்டு முறை வருகிறது.

அப்புறம், டிசம்பர் கடைசியில் கிளம்பிய கப்பல் ஜனவரியில் சேர்ந்தால் ஆண்டே மாறும். சரக்குகளை வகைப்படுத்த உலக நாடுகள் பயன்படுத்தும் ஹெச்.எஸ். குறியீடும் 6 இலக்கம் வரைதான் எல்லாருக்கும் பொது; அதற்கு மேல் நாட்டுக்கு நாடு மாறும்.

சரி, ஏற்றுமதிக் கணக்கு எப்போது கைகொடுக்கும்? வாங்கிய நாடு ஐ.நா.வின் வணிகத் தரவுத்தளமான காம்ட்ரேடுக்குத் தரவே அனுப்பாதபோது.