டர்போ காரில் எத்தனால்: நெல்லை வெயிலுக்கு எந்தக் கலவை?

டர்போ காரில் சக்தி கூட்ட எத்தனால் ஊற்றும் விஷயத்தில் திருநெல்வேலிக்காரருக்கு ஒரு வசதி உண்டு. சுமார் 13 டிகிரிக்குக் கீழே எத்தனால் ஒழுங்காக ஆவியாகாது. அதனால்தான் ஸ்வீடனில் இ85 (85 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வண்டிகளுக்கு இன்ஜின் ஹீட்டர் வைத்தார்கள். பிரேசிலில் ஸ்டார்ட் பண்ணுவதற்கென்றே குட்டியாக ஒரு பெட்ரோல் டேங்க் கொடுத்தார்கள். நமக்கு மார்கழி விடியலில்கூட அவ்வளவு குளிர் வராது. அந்தத் தொல்லையைக் கணக்கிலிருந்தே தள்ளிவிடலாம்.

மிச்சம் இருப்பது வெயில். டர்போ அழுத்திய காற்று இயல்பிலேயே சூடு. மே மாதம் வெளியே 40 டிகிரி என்றால், அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று அதற்கும் மேல்தான் இருக்கும். நாக் (எரிபொருள் நேரம் தப்பித் தானாக வெடிப்பது) வருவதற்குள் இசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், பூஸ்டை (டர்போவின் காற்றழுத்தத்தை)க் குறைக்கும். ஜனவரியில் பறந்த கார் சித்திரையில் சோம்பேறியாவது இதனால்தான். எத்தனாலின் ஆக்டேன், அதாவது நாக்கைத் தாங்கும் திறன், 108 வாக்கில். அதைவிடப் பெரிய லாபம் குளிர்ச்சி. ஒரே அளவு காற்றுக்கு பெட்ரோலைவிட இ85 எடையில் ஒன்றரை மடங்கு ஊற்ற வேண்டும். ஒவ்வொரு கிலோவும் ஆவியாகும்போது இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சும். இரண்டையும் பெருக்கினால் குளிர்ச்சி ஏறக்குறைய மூன்றரை மடங்கு. குளிர் ஊர்க்காரனைவிட நமக்குத்தான் இதில் ஆதாயம் கூட.

நம் முன்னால் நாலு வழி இருக்கிறது: பம்பில் வரும் இ20-க்கே ஸ்டேஜ் 1 மேப் (இசியூ புரோகிராமை மட்டும் மாற்றுவது), எத்தனால் அளவைக் காட்டும் சென்சாரோடு இ30, இ40 கலவை, முழு இ85, தண்ணீர்-மெத்தனால் இன்ஜெக்‌ஷன் (இன்ஜினுக்குப் போகும் காற்றில் அதைத் தெளிப்பது). எதை எடுப்பதாக இருந்தாலும் முதலில் கியர்பாக்ஸைப் பாருங்கள். 1.8 டிஎஸ்ஐ ஆக்டேவியாவில் வரும் டிகியூ200 உலர் கிளட்ச் பெட்டியின் தாங்குதிறன் 250 என்எம் டார்க் (சுழற்று விசை). கம்பெனி கொடுத்த டார்க்கே 250 என்எம். அதன் மேல் எத்தனால் டார்க்கை ஏற்றினால் முதலில் போவது கிளட்ச்தான். அந்தக் காருக்கு இ20 மேப் போதும். டார்க்கை 250-லேயே நிறுத்தச் சொல்லுங்கள், 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே முழு பூஸ்ட் வேண்டாம். ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் வரும் ஈரக் கிளட்ச் பெட்டிக்கு இந்தக் கவலை குறைவு. கீழே சொல்வதெல்லாம் அந்த மாதிரி காருக்கு.

எரிபொருள் எவ்வளவு கூடுதலாக வேண்டும் என்பதுதான் இந்த ஒப்பீட்டின் முதுகெலும்பு. இன்றைய இ20-ஐ அடிப்படையாக வைத்து லிட்டர் கணக்கில் பார்த்தால் இ30-க்கு சுமார் 4 சதவீதம், இ40-க்கு 8 சதவீதம், இ85-க்கு 33 சதவீதம் கூடும். முதல் இரண்டையும் கம்பெனி பம்ப், கம்பெனி இன்ஜெக்டரே பெரும்பாலும் சமாளிக்கும். மூன்றாவதைச் சமாளிக்காது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (சிலிண்டருக்குள்ளேயே எரிபொருள் தெளிக்கும்) காரில் இடிப்பது டேங்க் பம்ப் அல்ல, கேம் ஓட்டும் உயர் அழுத்தப் பம்ப். அது கைவிடும்போது ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் கொடுக்கும் குழாய்) அழுத்தம் 200 பாரிலிருந்து சரியும், லாம்டா (காற்று-எரிபொருள் விகிதத்தின் அளவு) ஏறும், அதாவது எரிபொருள் குறைந்து லீன் ஆகும், பிஸ்டன் உருகும். ஓடும்போது இசியூ எண்களைப் பதிந்து லாக் எடுக்கும்போது, இசியூ கேட்ட ரெயில் அழுத்தம், வந்த ரெயில் அழுத்தம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெண்டும் பிரிய ஆரம்பிக்கிற இடமே உங்கள் எத்தனால் எல்லை.

பழைய போர்ட் இன்ஜெக்‌ஷன் (சிலிண்டருக்கு வெளியே தெளிக்கும்) டர்போ என்றால் கணக்கு நேரடி. 250 குதிரைத்திறன் 4 சிலிண்டருக்கு, 85 சதவீத டியூட்டியில் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம்), வெறும் பெட்ரோலுக்கு நிமிடத்துக்கு 450 சிசி வாக்கில் இன்ஜெக்டர் வேண்டும். இ85-க்கு அது 640 ஆகும். டேங்குக்குள் எத்தனாலுக்கென்றே வரும் வால்ப்ரோ 450 வகை பம்ப், அதற்குத் தனி ரிலே, தடித்த வயர். பழைய வயரிலேயே மாட்டினால் வோல்டேஜ் விழுந்து பெரிய பம்பும் சின்னப் பம்பாகிவிடும். டேங்குக்குள் மூழ்கும் ஹோஸ் தனி ரகம். வெளியே போடும் சாதா எரிபொருள் ஹோஸை உள்ளே போட்டால் ஊறி, வெடித்து, பம்ப் ஓடியும் அழுத்தம் வராது. மற்ற லைன்களுக்கு பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஹோஸ், சீலுக்கு வைட்டான் ரப்பர். பூச்சில்லாத அலுமினிய ரெயில் வெள்ளைப் பொடி கக்கும்.

இ85-ன் உண்மையான விலை தூரம். 50 லிட்டர் டேங்கில் இ20-ல் லிட்டருக்கு 14 ஓடினால் 700 கிலோமீட்டர். நெல்லையிலிருந்து சென்னை ஒரே மூச்சு. இ85-ல் லிட்டருக்கு 10.5தான் ஓடும். திண்டிவனம் தாண்டியதும் மூச்சு வாங்கும், அங்கே இ85 கிடைத்தாக வேண்டும். இந்தியன் ஆயில் 2024 மார்ச்சில் 5 மாநிலங்களில் 183 பம்புகளில் எத்தனால் 100 என்ற எரிபொருளை (இ20-ஓடு கலந்து இ85 ஆக்கலாம்) தொடங்கியபோது தமிழ்நாடும் அதில் இருந்தது. ஆனாலும் போகுமுன் அந்தப் பம்புக்குப் போன் போட்டுக் கேட்காமல் பயணம் திட்டமிடாதீர்கள். கோவை கரி ரேஸ் ட்ராக்குக்கு டிரெய்லரில் ஏற்றிப் போகிற கார் என்றால் இ85 ராஜா. பாளையங்கோட்டையிலிருந்து தினம் வேலைக்குப் போகிற காருக்கு அது தலைவலி.

தொழிற்சாலை ஸ்பிரிட்டை டிரம்மில் வாங்கிக் கலந்துகொள்ளலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். உரிமம் இல்லாத சாராயம் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டும், கார் பானெட்டைத் திறந்து காட்டினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இதே காரணத்தால் நாலாவது வழியும் இங்கே அடிபடுகிறது. தண்ணீர்-மெத்தனால் தொழில்நுட்பம் நல்லதுதான். பாதிக்குப் பாதி கலவை, த்ராட்டிலுக்கு முன்னால் ஒரு நாசில், வேலை சுத்தம். ஆனால் 2024 கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்கு மெத்தனால்தான் காரணம். வீட்டு ஷெட்டில் மெத்தனால் கேனா? வெறும் தண்ணீர் மட்டும் தெளித்தாலே சூட்டுக்கு ஓரளவு பலன் உண்டு. அதையும் நம்பி டைமிங்கை ஏற்றிவிட்டு, நாசில் அடைத்தால் இன்ஜின் போச்சு. ஃப்ளோ சென்சார் இல்லாத கிட்டைத் தொடாதீர்கள்.

ஆக நடுவழிதான் நம்ம ஊருக்கு: இ30 முதல் இ40 வரை, ஃப்ளெக்ஸ் சென்சாரோடு. பம்ப் எத்தனால் 100-ல் எத்தனால் 93 சதவீதம்தான், மீதி பெட்ரோலும் துணைக் கரைப்பானும். 40 லிட்டர் இ30 வேண்டுமென்றால் அதில் 5.5 லிட்டர், மீதி 34.5 இ20. இ40-க்கு 11 லிட்டர்.

சென்சார் இல்லாமலும் இ30 ஓடும். ஃப்யூயல் ட்ரிம் (இசியூ தானே எரிபொருள் அளவைத் திருத்துவது) அந்த 4 சதவீதத்தைச் சத்தமில்லாமல் சரிக்கட்டிவிடும். ஆனால் காசு கொடுத்து ஊற்றிய ஆக்டேன் வீண். மேப்பில் எழுதி வைத்த டைமிங்குக்கு மேலே இசியூ தானாகப் போகாது. நாக் சென்சாருக்குப் பின்வாங்கத்தான் தெரியும். இ40-க்கு மேப் போட்டுவிட்டு வெறும் இ20 நிரப்பினால் இன்னும் மோசம்.

கான்டினென்டல் சென்சார் மூன்று வயர்தான். 50 ஹெர்ட்ஸ் என்றால் எத்தனால் பூஜ்யம், 150 என்றால் நூறு. இ20-ல் 70 காட்ட வேண்டும். 180-ஐத் தாண்டினால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். உயர் அழுத்தப் பம்புக்கு முன்னால், குறைந்த அழுத்த லைனில் மாட்டுங்கள். டேங்க் நிரப்பியதும் லைனில் பழைய எரிபொருள் இருக்கும். எண் மாறி நிலைக்கும்வரை மிதிக்கக் கூடாது. சென்சார் செத்தால் என்ன ஆகும் என்று மேப் போடுபவரிடம் கேளுங்கள். 'தானாக பெட்ரோல் மேப்புக்குப் போயிரும்' என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்: டேங்கில் இ40 இருக்க, பெட்ரோல் அளவுக்கு ஊற்றினால் லீன். கடைசியாகப் படித்த எத்தனால் அளவை வைத்துக்கொண்டு பூஸ்டை மட்டும் வெட்டுவதுதான் முறை. பேச்சும் லாம்டாவில் இருக்கட்டும், பெட்ரோலுக்கான 14.7 காற்று-எரிபொருள் விகிதக் கணக்கில் காட்டும் கேஜ் எத்தனாலில் எல்லாரையும் குழப்பும்.

சென்சாரையும் நம்பாதவருக்கு ஒரு ஜாடி போதும். 100 மில்லி அளவு ஜாடியில் 10 மில்லி தண்ணீர், ஒரு சொட்டு கேசரிப் பவுடர் கரைசல், மேலே 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து, நிறத்தோடு அடியில் இறங்கும். கோடு 28-ல் நின்றால் 18 மில்லி எத்தனால், அதாவது இ20. இ30 என்றால் 37. ஒன்றிரண்டு மில்லி முன்பின் இருக்கும். வெயிலில், அடுப்படியில் செய்யாதீர்கள்.

மாற்றிய பிறகு முதல் இரண்டு டேங்கில் எத்தனால் பழைய பிசினைக் கரைத்துக்கொண்டு வரும். அதோடு ஃப்யூயல் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர் ரகம், இடைவெளி 0.65 மில்லிமீட்டர். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர் கூடுகிறது என்று பொருள். வண்ணார்பேட்டைக்கும் ஜங்ஷனுக்கும் மட்டுமே ஓடுகிற கார் என்றால் ஆயில் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவோம். எத்தனால் ஆயிலில் தங்கி, மூடியின் அடியில் மோர் மாதிரி படியும். வாரம் ஒருமுறை நாங்குநேரி வரை ஒரு ஓட்டம், 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில். ஐப்பசி அடைமழையில் மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் டேங்கை முழுக்க நிரப்பிவிட்டு நிறுத்துங்கள்; காலி இடத்து ஈரக்காற்றில்தான் எத்தனால் தண்ணீர் குடிக்கும்.

காகித வேலையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்சியில் இருப்பதற்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது. மாற்றத்தை இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாமல் விட்டால், க்ளெய்ம் வரும் நாளில் அவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.