வளவில் முழங்கியது, கண்மாய்க்கரையில் முனகியது: ஒரு பயண ஸ்பீக்கர் அனுபவம்

முதலில் ஏமாந்த கதை. போன வருஷம் காரைக்குடியில் ஒரு கடையில் புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன், பிராண்ட் பெயர் வேண்டாம். பெட்டியில் 80 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, விலையோ மற்றதில் பாதிதான், கடைக்காரர் போட்டுக் காட்டியபோது கண்ணாடி அலமாரியே அதிர்ந்தது, அப்புறம் என்ன யோசனை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தூண் கூடத்தில், வைத்துப் பாட விட்டால் இன்னும் அமர்க்களம். அப்பத்தா இரண்டாங்கட்டிலிருந்து "ஏண்டா, இதென்ன கல்யாண வீடா, கொறைடா" என்று கத்துகிற அளவுக்கு.

அந்த வாரமே மச்சான்களோடு கண்மாய்க்கரையில் ஒரு ராத்திரி தங்கினோம். கூடாரம், கோழி, விறகு எல்லாம் சரியாக அமைந்தது. ஸ்பீக்கரைப் போட்டால் பத்தடி தள்ளி உட்கார்ந்தவனுக்குத் தவில் எங்கே போனதென்றே தெரியவில்லை. சத்தத்தை ஏற்றினால் கரகரப்பு. இரண்டரை மணி நேரத்தில் அதுவும் படுத்துவிட்டது.

ஸ்பீக்கர் மாறவில்லை, இடம்தான் மாறியது. நம் ஊர் வீட்டில் முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடி மாதிரி தேய்த்த சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், நாலு பக்கமும் தூண். போன சத்தம் எதுவும் வீணாகாமல் திரும்பி வந்து காதில் விழும். வெட்டவெளியில் திருப்பி அனுப்ப ஒன்றுமில்லை, போனது போனதுதான். அதிலும் தவில், பேஸ் மாதிரியான அடிச் சத்தம்தான் முதலில் காணாமல் போகும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) விழும், ஆனால் வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸை நம்பி வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான் (அந்த 80-உம் உண்மையான 80 இல்லை என்பது வேறு விஷயம்).

ஆகவே இரண்டாம் முறை கடைக்குப் போனபோது, ஸ்பீக்கரை வாசல் திண்ணையில் வைக்கச் சொல்லி, நான் தெருவில் பதினைந்து அடி தள்ளி நின்று கேட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும், பணம் நம்முடையது.

அப்படித் தேர்ந்ததுதான் ஜேபிஎல் ஃப்ளிப் 6. 30 வாட்ஸ், 550 கிராம். இதில் மேல் ஸ்தாயிக்கென்று தனியாக ஒரு சின்ன ட்வீட்டர் இருக்கிறது, அதனால் வெளியில் பாட்டின் வார்த்தை தெளிவாகக் கேட்கிறது, நாதஸ்வரம் அழகாக வருகிறது. தவில் இதிலும் வீட்டில் கேட்ட மாதிரி வராது, இந்த அளவு ஸ்பீக்கர் எதிலும் வராது. கொஞ்சம் ஏமாற்றலாம்: ஒரு சுவரையோ பாறையையோ கார் கதவையோ ஒட்டி வையுங்கள், அடிச் சத்தம் உடனே கூடும். கூடாரத்துக்கு நடுவில் கம்பில் தொங்கவிடுவதுதான் மோசமான இடம்.

உண்மையான சோதனை தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தபோது. ஆறேழு நாள் நடை, பகலெல்லாம் செம்மண் புழுதி, விடியற்காலையில் பனி. இங்கேதான் ஐபி எண்ணைப் பார்க்க வேண்டும். ஃப்ளிப் 6-இல் இருப்பது ஐபி67. அதில் 6 தூசிக்கு, 7 தண்ணீருக்கு: ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். சிலதில் ஐபிஎக்ஸ்7 என்றிருக்கும், அந்த எக்ஸ் என்பது தூசிக்கு மதிப்பீடே தரவில்லை என்று அர்த்தம். நம் ஊர்ப் புழுதிக்கு எக்ஸ் வேண்டாம். தண்ணீர் தாங்கும் என்பதற்காக ஈரத்தோடு சார்ஜ் போடவும் கூடாது, சார்ஜ் ஓட்டை காய்ந்த பிறகுதான்.

நடையில் கற்றுக்கொண்ட இன்னொன்று. ஸ்பீக்கரை முதுகுப் பையில் தொங்கவிட்டு, போனை முன்பக்கம் மடியில் வைத்திருந்தேன், பாட்டு விட்டு விட்டு வந்தது. புளூடூத் அலையை உடம்பிலிருக்கும் தண்ணீர் உறிஞ்சிவிடுமாம். போனையும் முதுகுப் பைக்கே மாற்றினேன், சரியாகிவிட்டது.

ஃப்ளிப் 6 ஒரு சார்ஜில் 12 மணி நேரம் ஓடும் என்பது மிதமான சத்தத்துக்குச் சொல்வது. முழுசாக வைத்தால் கணக்கு வேறு. கூட வந்த சித்தப்பா ஜேபிஎல்லிலேயே 'சார்ஜ் 5' என்ற பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்தார்: 20 மணி நேரம், அதிலிருந்தே போனுக்கும் சார்ஜ் ஏற்றலாம், சத்தமும் ஒரு படி மேல். ஆனால் 960 கிராம். காரில் போகிறவர்களுக்கு அதுதான் என்பேன். நடக்கிறவனுக்கு, சிங்கம்புணரி தாண்டியதும் அந்த ஒரு கிலோ ஐந்து கிலோவாகிவிடும், கடைசியில் அதை நாங்கள் முறை வைத்துத்தான் தூக்கினோம். தனியாகக் கேட்க மட்டும் என்றால் ஜேபிஎல்லின் சின்ன ஸ்பீக்கர் 'கோ 3' போதும், 209 கிராம்தான், ஆனால் 5 மணி நேரம்தான் ஓடும், நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் பற்றாது.

சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள் இவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி, ஆனால் பேட்டரி அளவுக்கு விமானத்தில் வைத்திருக்கும் 100 வாட்-மணி வரம்புக்குள் இவை எல்லாமே அடங்கும்.

அந்த 80 வாட்ஸ் பெட்டியைக் கேட்கிறீர்களா? பேட்டரி போய்விட்டது, ஒயரைச் சொருகியே வைத்தால்தான் பாடும். அடுப்படியில் இருக்கிறது. காலையில் அப்பத்தா அதில்தான் முருகன் பாட்டுக் கேட்கிறார், "இது நல்லாத்தானடா இருக்கு, எதுக்கு இன்னொண்ணு வாங்குன" என்று இன்றைக்கும் கேட்டார்.