ரப்பர் பால் கணக்குக்குக் கட்டமா, வரி நிறமா, மெல்லிய கோடா?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் எடுக்கிற இடங்களுக்கு எக்செல்லில் கணக்குப் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேதி, பேர், பால் எடை, டிஆர்சி (பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்பது), உலர்ந்த ரப்பர் எடை, விலை, தொகை என்று ஏழு பத்தி, ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கறுப்புக் கட்டம். பேரேட்டில் எழுதிய பழக்கம், கட்டம் இல்லாவிட்டால் கணக்கு மாதிரியே தோன்றாது. ஆனால் ஒரு மாதக் கணக்கை அப்படி அச்சிட்டால் எண்ணுக்கு முன்னால் கோடுதான் கண்ணில் விழுகிறது.

இன்னொரு வழி, ஒரு வரி விட்டு ஒரு வரி வெளிர் நிறம். போனில் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும்போது வரி மாறிப்போகாது, அதற்கு இதுதான் நல்லது. நிறத்தைக் கையால் மட்டும் அடிக்காதீர்கள், பேர் வாரியாக வரிசை மாற்றினால் நிறமும் கூடவே நகர்ந்து பட்டை குலைந்துவிடும். கன்ட்ரோல் டி (Ctrl+T) அழுத்தி டேபிளாக மாற்றிவிட்டால் ஃபில்டர் போட்டாலும் பட்டை ஒழுங்காக விழும்.

அச்சிட்டு ஜெராக்ஸ் எடுக்கிற தாளுக்கு நிறம் ஆகாது, சாம்பல் படிந்து எண் மங்கும். அங்கே என் ஓட்டு மெல்லிய கிடைக்கோட்டுக்குத்தான். நெடுக்குக் கோடே வேண்டாம். தலைப்புக்குக் கீழேயும் மொத்தத்துக்கு மேலேயும் மட்டும் கொஞ்சம் அழுத்தமான கோடு போதும்.

ஆனால் நெடுக்குக் கோட்டை எடுக்கும் முன் எண்களைச் சரி செய்ய வேண்டும். 112.50-க்குக் கீழே 9.75 நடுவில் நின்றால் புள்ளிக்கு நேரே புள்ளி வராது, எது பெரிது என்று ஒவ்வொன்றாக வாசித்துத்தான் தெரியும். வலப்பக்கம் ஒட்ட வைத்து, ஒரு பத்தி முழுக்கத் தசமத்துக்குப் பின் ஒரே அளவு இலக்கம் வைத்தால் அந்தப் பத்தியே கோடு போட்ட மாதிரி நேராக நிற்கும். அழகுக்காக டிஆர்சியை முழு எண்ணாக்காதீர்கள்: 100 கிலோ பாலில் 34.5-க்கும் 35-க்கும் அரைக் கிலோ ரப்பர் வித்தியாசம், அது பால் கொண்டு வந்தவருடைய காசு.

அப்புறம், மாதத்தின் பேரை மேலே நடுவில் வைக்கச் செல்களை மெர்ஜ் செய்கிறோமே, அதைவிட கன்ட்ரோல் 1 அழுத்தி, அலைன்மென்டில் 'சென்டர் அக்ராஸ் செலக்ஷன்' கொடுங்கள். பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், பத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது இடைஞ்சல் வராது.