மின்சார கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: ஓபிடி கருவியைச் சொருகியபடியே விட்டுவிடாதீர்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (காரின் கோளாறைப் பார்க்க மெக்கானிக் கருவி சொருகும் இடம்) ஏதாவது சொருகி வைத்திருக்கிறீர்களா? முதலில் போய்க் கழற்றிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

போன மாதம் கோவையில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில் சிம் போட்ட ஓபிடி கருவி வாங்கினேன். 2,800 ரூபாய். எந்த ஊரில் இருந்தாலும் காரில் சார்ஜ் எவ்வளவு என்று போனில் பார்க்கலாமாம். தினமும் கழற்ற வேண்டுமா என்று நானே கேட்டேன். "அதுபாட்டுக்கு இருக்கட்டுங்க சார், வண்டிய நிறுத்துனா அதுவும் தூங்கிரும்" என்றார் கடைக்காரர்.

ஒரு துக்கத்துக்காகத் திருநெல்வேலி போனேன். இரண்டாம் நாள் மாலையோடு ஆப்பில் தகவல் நின்றுபோனது. கடைசியாகக் காட்டியது 74 சதவீதம். சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். நான்காம் நாள் இரவு திரும்பினேன். மறுநாள் காலை ஆறரைக்கு அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ரிமோட்டை அழுத்தினால் அசைவே இல்லை. அதற்குள் இருந்த சாவியால் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. சார்ஜரைச் சொருகினேன், அதையும் ஏற்கவில்லை. கட்டுப் போட்ட கண்ணோடு அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டோ பிடித்துத்தான் போனோம்.

செத்துப்போனது 12 வோல்ட் சின்ன பேட்டரி. காரை நிறுத்திப் பூட்டியதும், வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியின் இணைப்பு பாதுகாப்புக்காகத் துண்டிக்கப்படும். அதை மறுபடி இணைக்கும் காண்டாக்டர்கள் என்ற ஸ்விட்சுகளை இயக்கச் சின்ன பேட்டரியின் கரண்ட் வேண்டும். அது இல்லாவிட்டால் பெரியதில் எவ்வளவு இருந்தும் கார் எழுந்திருக்காது. பழைய பெட்ரோல் காரென்றால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம். இதில் அந்த வழியும் கிடையாது.

ஓபிடி சாக்கெட்டில் 16 பின்கள். பதினாறாவது பின்னில் கார் பூட்டியிருந்தாலும் பேட்டரி கரண்ட் வந்துகொண்டே இருக்கும். மெக்கானிக் சொருகி, பார்த்து, எடுத்துக்கொண்டு போவதற்கான இடம் அது. கருவி தனக்கென்று குடிப்பது கொஞ்சம்தான். ஆனால் இது ஓயாமல் "சார்ஜ் எவ்வளவு?" என்று கேட்டுக் காரின் கம்ப்யூட்டர்களைத் தூங்கவே விடவில்லை. எலக்ட்ரீஷியன் நண்பர் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தார். கருவி இல்லாமல் 20 மில்லிஆம்பியர், சொருகினால் ஒன்றரை ஆம்பியர். ஒரு நாளைக்கு 36 ஆம்பியர்-மணி! என் சின்ன பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 45தான். நிறுத்தி வைத்திருக்கும்போதும் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதை நிரப்பிக்கொள்ளும் மாடல்கள் உண்டு. என்னுடையது அப்படியில்லை.

அடியோடு காலியானதால் பேட்டரி வீணாகிவிட்டது. புதியது, ஆள் வந்து போட்ட கூலி எல்லாம் சேர்த்து 8,300 ரூபாய். வெளிக் கருவி சொருகியிருந்ததால் வாரண்டி கிடையாது என்றார்கள் சர்வீஸ் சென்டரில். அதில் எனக்கு வருத்தமில்லை. கடைக்காரர்தான் மீட்டர் படத்தைக் காட்டியும் "உங்க வண்டியிலதான் கோளாறு" என்று திருப்பி அனுப்பினார்.

அவசியம் வேண்டுமென்றால் ஓட்டும்போது சொருகுங்கள், இறங்கும்போது கையோடு எடுத்துவிடுங்கள். ஊருக்குப் போகும்போது ஆப்பில் தகவல் நின்றால் வீட்டில் யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். நேற்று அந்த வழியாகப் போனபோது பார்த்தேன், அதே கருவி இன்னும் கடை முகப்பில் தொங்குகிறது.