கம்பளை தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம்: கட்டாயம் போய்ப் பாருங்கள்

கண்டி வரை வருபவர்கள் கம்பளைப் பக்கம் ஒரு அரை நாள் ஒதுக்கி, பழைய லயத்தையே (தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த வரிசை வீடுகள்) அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கும் இந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். மலைப்பாதைதான், அவசரப்படாமல் ஏறுங்கள்.

லயத்தின் ஒரு காம்பராவுக்குள், அதாவது ஒரு குடும்பத்துக்கான அறைக்குள் நின்றால் முதலில் உறைப்பது அதன் அளவு. ஒரு குடும்பம் சமைத்தது, படுத்தது, பிள்ளை பெற்றது எல்லாம் இதற்குள்தான். கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் பதியும் இடத்தை என் அம்மாச்சியின் முகத்தில் பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் கூடையைத் தாண்டி நகரவே நேரமானது.

போவதற்கு முன் 1948 குடியுரிமைச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள், அப்போதுதான் இந்த இடம் முழுதாகப் புரியும். சுதந்திரம் கிடைத்த அதே வருடம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது சட்டம். இந்தியாவிலிருந்து தேயிலை வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த, பிறப்புப் பதிவே இல்லாத தோட்டத்து ஜனம் எங்கே போகும்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருடம் ஓட்டும் போனது. 1947-ல் மலையகம், அதாவது இந்தத் தோட்டத்து மக்கள், தன் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது, 1952-ல் ஒருவர்கூட இல்லை. அப்புறம் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இந்தியாவுக்கு 5,25,000 பேர், இங்கே 3 லட்சம் என்று ஆட்களைப் பிரித்தார்கள். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 ஆனது.

பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். என் மகள் கூடையைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.