டேங்க்கா, ஆர்கேடா?

எஃப்டிசி (FIRST Tech Challenge) என்ற மாணவர் ரோபோ போட்டியின் ஓர் ஆட்டத்தில், ரோபோ ஓட்டுநர் கையில் இருப்பது 2 நிமிடம்தான். கேம்பேடின் இரண்டு ஸ்டிக்குகளால் அதை ஓட்ட இரண்டு முறைகள்: டேங்க், ஆர்கேடு.

டேங்க் முறையில் இடது ஸ்டிக் இடது சக்கரங்களுக்கு, வலது ஸ்டிக் வலது சக்கரங்களுக்கு. ஒன்றைத் தள்ளி மற்றதை இழுத்தால் நின்ற இடத்திலேயே சுற்றும். நிரலும் எளிது. நேராகப் போவதுதான் பெரும்பாடு: ஒரு கட்டைவிரல் கொஞ்சம் அசந்தாலும் வண்டி ஒதுங்கிவிடும்.

ஆர்கேடில் வேகத்துக்கு ஒரு ஸ்டிக், திருப்பத்துக்கு இன்னொன்று. இடது மோட்டாருக்கு வேகத்தோடு திருப்பத்தைக் கூட்ட வேண்டும், வலதுக்குக் கழிக்க வேண்டும். விடை 1-ஐ, அதாவது மோட்டாரின் முழு சக்தியை, தாண்டினால் இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும். இதை மறந்தால் முழு வேகத்தில் திருப்பம் மந்தமாகிவிடும். (எல்லாரும் ஒருமுறையாவது மறப்பார்கள்.)

வீடியோ கேம் ஆடிய கைக்கு ஆர்கேடு சட்டென்று பழகும். என் ஓட்டும் அதற்கே. ஆனால் டேங்கில் கை ஊறிப்போனவரைப் போட்டிக்கு முந்தின நாள் மாறச் சொல்லாதீர்கள்.